அப்பாவின் வாட்ச்சைப் புதுசாக்கக் கொடுத்தேன்

“புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க” என்று ஒரு வாட்ச் கடை கவுன்டரில் நின்று நான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு 14 மாதம் அலைந்தேன், 13,000 ரூபாய்க்கு மேல் செலவழித்தேன். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். என் அப்பா 30 வருடத்துக்கு மேல் கையில் கட்டியிருந்த வாட்ச்சின் பின் மூடி போய்விட்டது. அதை எந்தப் பணத்துக்கும் திருப்பி வாங்க முடியாது. வீட்டில் பழைய வாட்ச் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போகும் முன் யாராவது ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

நான் சேலத்தில் 19 வருடமாக நாளிதழ் நிருபர். வாட்ச் மீது எனக்குப் பைத்தியம் என்றே சொல்லலாம். விலை உயர்ந்த வாட்ச்கள் மீது இல்லை, அடுத்தவர் கையில் இருக்கும் பழைய வாட்ச்கள் மீது. யாரைப் பேட்டி எடுத்தாலும் நோட்டை மூடிய பிறகு “இந்த வாட்ச் எப்ப வாங்கினது?” என்று கேட்காமல் வரமாட்டேன். அதுவரை அளந்து பேசியவர்கள் அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் தன் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட எச்.எம்.டி. சோனா வாட்ச்சை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். மோதிரம் மகளின் படிப்புக்காக அடகுக்குப் போய் மூழ்கிவிட்டதாம், வாட்ச்சை மட்டும் கேட்டும் கொடுக்கவில்லையாம். ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், தன் தாத்தாவுடைய வெஸ்ட் எண்ட் வாட்ச்சைக் காட்டினார். ஓடவில்லை. ஆனாலும் தினமும் காலையில் துடைத்துக் கட்டிக்கொள்கிறார். இந்த மாதிரி கதைகளை எழுதி எழுதி, வாட்ச் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன். கதைதான் தெரிந்திருந்தது. உள்ளே இருக்கும் மெஷின் பற்றியும், அதில் கை வைப்பவர்கள் பற்றியும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அப்பா பஸ் கண்டக்டர். சேலம் – ஏற்காடு வண்டியில் பல வருடம் ஓடினார். 1982-ல் வந்த போனஸ் பணத்தில் எச்.எம்.டி. ஜனதா வாங்கினார். கடையில் உடனே கிடைக்காமல், பேர் எழுதி வைத்துவிட்டு வந்து ஒரு மாதம் கழித்து வாங்கியதாகச் சொல்வார். வெள்ளை டயல், கறுப்பு எழுத்து, தேதி கிடையாது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிரிப்புக்கும் கிளம்பும் நேரம், சேரும் நேரம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் ரூம் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்வார். மலையில் 20 கொண்டை ஊசி வளைவு. டிக்கெட் கிழிக்க வலது கை, கம்பியைப் பிடிக்க இடது கை. ஒவ்வொரு வளைவிலும் வாட்ச் கம்பியில் இடிக்கும். அதனால் கேஸின், அதாவது வாட்ச்சின் உலோகக் கூட்டின், ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்ன வெட்டுகளாகக் கிடக்கும். ஊழியர் ஓய்வறையில் வாட்ச்கள் மாறிவிடும் என்று, பின் மூடியில் தன் பேட்ஜ் நம்பரை ஊசியால் கீறி வைத்திருந்தார். அந்த நம்பரில் வரும் 7-க்கு நடுவில் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். அப்பா கையெழுத்தில் எனக்கு மிஞ்சியிருந்தது ரொம்பக் கொஞ்சம். அதில் இதுவும் ஒன்று.

இந்த ஜனதா பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் நடந்தது புரிய இது தேவை. எச்.எம்.டி. அரசு நிறுவனம். இயந்திரங்கள் செய்து கொண்டிருந்த அந்த நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூருவில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. ஜனதாவுக்குள் ஓடுவது 0231 என்று குறிக்கப்படும் 17 ஜுவல் மெஷின். ஜுவல் என்பது சக்கர முனைகள் தேயாமல் தாங்கும் சின்னக் கல். சிட்டிசன் வழி வந்தது. டயலில் இருக்கும் ‘பாரா ஷாக்’ என்ற எழுத்தும் சிட்டிசன் கொடுத்ததுதான். வாட்ச் கீழே விழுந்தால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரத்தின் முனை உடையாமல் காக்கும் சின்ன ஸ்பிரிங் ஏற்பாட்டுக்கு அந்தப் பேர். அப்புறம் சாவி வேண்டாத, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தது. டாடாவும் நம் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் தொழிற்சாலை போட்டது. 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் நம் பழைய சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்னப் பெருமை. டைட்டன் முன்னால் எச்.எம்.டி. தேய்ந்தது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்போது நானும் ஒரு செய்தி எழுதினேன். அந்த மூடல் என் வீட்டு அலமாரி வரைக்கும் வரும் என்று அன்று நினைக்கவில்லை. ஒரு தயாரிப்பு நின்றுவிட்டால் உதிரி பாகமும் நின்றுவிடும். அப்புறம் ஒரு வாட்ச்சுக்கு டயல் வேண்டுமென்றால் இன்னொரு வாட்ச்சைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் போலியாக அச்சடிக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

அப்பா இறந்து இரண்டு வருடம் அந்த வாட்ச் பீரோவில் கிடந்தது. எடுத்துச் சாவி கொடுத்தேன், நாலு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. இன்னும் நாலு முறை முறுக்கினேன். அதுவே முதல் தப்பு. வருடக்கணக்கில் ஓடாத வாட்ச்சில் எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும், அந்த நிலையில் வலுக்கட்டாயமாக ஓட விட்டால் பல்சக்கர முனைகள் தேயும். நின்றுபோன வாட்ச் கைக்குக் கிடைத்தால் சாவியைத் தொடாமல் அப்படியே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். நான் கொண்டு போனது நகரின் நடுவில், எப்போதும் கூட்டம் இருக்கும் ஒரு கடைக்கு. கண்ணாடி ஷோகேஸ், ஏ.சி., சட்டையில் பேர் குத்திய பையன்கள். உள்ளே இருந்தவர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, “டயல் மங்கிடுச்சு சார், கேஸெல்லாம் கோடு. புதுசு மாதிரி பண்ணிடலாமா?” என்றார். எனக்குச் சந்தோஷம். “பண்ணிடுங்க, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்க” என்றேன். பில்லில் ‘எச்.எம்.டி., ஃபுல் சர்வீஸ், 2,800’ என்று மட்டும் எழுதினார். ஒரு கொலை வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் ஒரு சொல் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற நான், அந்தப் பில்லை இரண்டாம் முறை படிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வாட்ச் வந்தது. பளபளவென்று இருந்தது. சேலத்தில் கொலுசுக்குப் பாலிஷ் போடாத தெரு இல்லை, அந்தச் சக்கரத்தில் பிடித்தால் எந்த உலோகமும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கேஸில் ஒரு வெட்டுகூட இல்லை. மூலைகள் எல்லாம் வழவழவென்று உருண்டிருந்தன. டயல் தும்பைப்பூ வெள்ளை. கடையில் நின்றபோது எனக்கே அழகாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாருதுடா?” என்றார். அப்பாவுது என்றேன். “நம்பர் எங்க?” என்றார். திருப்பிப் பார்த்தேன். பின் மூடி வெறும் மூடியாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. பாலிஷில் போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை, மூடியே வேறு. அம்மா ஒன்றும் பேசவில்லை, வாட்ச்சை மேஜை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவை இன்னொரு தடவை சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். அவர் அமைதியாக, “பழைய மூடி த்ரெட் போயிருந்துச்சு சார். நீங்கதான புதுசு மாதிரி கேட்டீங்க” என்றார். பழையது எங்கே என்றால், “ஸ்கிராப்ல போயிருக்கும்” என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருந்தது, அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. புதுசு வேண்டும் என்று கேட்டது நான். எது அப்படியே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கழற்றிய பொருள் வாட்ச் சொந்தக்காரருடையது, அதைக் கேட்காமல் தூக்கிப் போடக் கூடாது என்பது மறுபாதி. அதை அன்று வாதாடும் தெம்பு எனக்கு இல்லை.

பழைய வாட்ச்சைக் கடையில் கொடுக்கும்போது இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் முன்பக்கம், பின்பக்கம், நாலு ஓரம் எல்லாம் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் என் கண் முன்னாலேயே பின் மூடியைத் திறக்கச் சொல்லி, மெஷினையும் மூடியின் உட்பக்கத்தையும் எடுக்கிறேன். திறந்து காட்ட யோசிக்கிற கடையில் கொடுப்பதில்லை. பில்லில் மூன்று விஷயத்தை எழுத வைக்கிறேன்: டயல், முள், கேஸ் எதையும் பாலிஷ் பண்ணவோ மாற்றவோ கூடாது, ஏதாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் போனில் கேட்க வேண்டும், கழற்றிய பழைய பாகம் ஒரு சின்ன ஸ்குரூவாக இருந்தாலும் கவரில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். ‘ஃபுல் சர்வீஸ்’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கடையிலும் ஒரு அர்த்தம். மெஷினை முழுசாகப் பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு, நேரம் சரிபார்ப்பதுதான் சர்வீஸ். திறந்து பெட்ரோல் தெளித்து மூடுவதும் அதே பேரில் நடக்கிறது. பிரிப்பீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மே மாதம் வந்தது. ஏற்காடு கோடை விழா, மலர்க் கண்காட்சி. வருடா வருடம் நான்தான் செய்திக்குப் போவேன். அப்பா ஓடிய ரூட் ஆயிற்றே என்று அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அடிவாரத்தில் சட்டை ஒட்டும் வெயில். மேலே 1,500 மீட்டர் உயரம், அன்று மதியத்துக்கு மேல் மழையும் பிடித்துக்கொண்டது. ஏரிக்கரையில் குடையில்லாமல் கால் மணி நேரம் நின்றேன். மணி பார்க்கலாம் என்று பார்த்தால் கிளாஸ் உள்பக்கம் வெள்ளையாகப் பனி மூடியிருந்தது. முள் தெரியவில்லை. கீழே சூட்டில் வாட்ச்சுக்குள் இருக்கும் காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும், மேலே போய்க் குளிர்ந்ததும் அது கிளாஸில் முத்து முத்தாகப் படியும். அது லேசாக இருந்தால் தானே மறைந்துவிடும். என்னுடையது அப்படி இல்லை. புது மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மழைத் தண்ணீர் நேராக உள்ளே போயிருக்கிறது.

அப்புறம் நான் செய்தது எல்லாமே தப்பு. அறைக்கு வந்ததும் நிற்கக் கூடாதே என்று சாவி கொடுத்தேன். யாரோ சொன்னதைக் கேட்டு, ராத்திரி முழுக்க அரிசியில் புதைத்து வைத்தேன். மறுநாள் சேலம் வந்து மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். கிளாஸ் தெளிந்தது, நானும் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் வாட்ச் நின்றது. மூடிய கேஸுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் அரிசி உறிஞ்சாது, தவிட்டுத் தூசிதான் சாவி ஓரத்தில் போய் ஒட்டும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி, அதுவரை ஈரம் படாத பாகத்திலும் போய்ப் படியும். ஓட ஓட, நனைந்த எஃகின் துரு எண்ணெயோடு கலந்து எல்லாச் சக்கரத்துக்கும் போகும். வாட்ச்சுக்குள் தண்ணீர் போய்விட்டால் ஒரே வைத்தியம்தான்: சாவி கொடுக்காமல், அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலை, திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் ஓடுவது. ஒரு நாளில் போயிருந்தால் முன்னூறு, நானூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை எனக்கு 1,900 ஆயிற்று.

இந்தத் தடவை ஷோகேஸ் கடைக்குப் போகவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள், மளிகைக் கடைத் திண்ணை ஓரமாக, நாலடிக் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் பற்றி அரிசி மண்டிக்காரர் ஒருவர் சொன்னார். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கண்ணில் ஐ கிளாஸை இடுக்கிக்கொண்டு திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “தம்பி, மெஷின் உங்கப்பாவுதுதான். மத்தது எதுவும் இல்ல” என்றார். டயல் பெயின்ட் அடித்து மேலே அச்சடித்தது. முள் வேறு மாடல், நிமிட முள் ஒரு மில்லிமீட்டர் குட்டை, நிமிடக் கோட்டைத் தொடவே தொடாது. மூடி இரண்டாம் கை. ஐ கிளாஸை என்னிடம் கொடுத்து டயலைப் பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு அழகாக இருந்த எழுத்து, பெரிதாகப் பார்த்தபோது மை கசிந்த ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இருந்தது. நிமிடக் கோடுகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. மெஷினில் ஸ்குரூ தலைகள் இரண்டு, பொருந்தாத திருப்புளியால் பிய்ந்திருந்தன. சாவிப் பக்கத்தில் துரு.

அவர்தான் இன்னொன்றும் காட்டினார். தன் டிராயரில் இருந்து யாருடையதோ ஒரு பழைய பின் மூடியை எடுத்து, உட்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தார். மயிரிழை மாதிரி கீறல்கள். ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்ணும்போதும் மெக்கானிக் தன் அடையாளத்தையும் தேதியையும் ஊசியால் எழுதி வைப்பாராம். “இத பாருங்க, 84, 89, 93. இந்தக் குறி ஈரோட்டுக்காரர் ஒருத்தர் போடறது, இது நான் போட்டது” என்று படித்தார். ஒரு வாட்ச் எந்த ஊரில் இருந்தது, யார் கைக்குப் போனது, எப்போது நின்றது என்பது அதில் இருந்தது. வாட்ச்களின் கதையை மனிதர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வாட்ச் தன் கதையைத் தானே எழுதி வைத்திருக்கும் இடத்தை எனக்குத் தெரியாமலேயே ஸ்கிராப்புக்கு அனுப்பியிருக்கிறேன். வெளியே அப்பாவின் நம்பர் மட்டும் போனது என்று அதுவரை நினைத்திருந்தேன். உள்ளேயும் முப்பது வருடம் எழுதியிருந்திருக்கும். சந்தில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்து மளிகைக் கடையிலிருந்து தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

அவர் மெஷினைச் சுத்தம் பண்ண ஆரம்பித்த சமயத்தில் நான் அவசரப்பட்டு இன்னொரு குழியில் விழுந்தேன். ஆன்லைனில் ஒரு ஜனதா விற்பனைக்கு வந்தது. ‘1980களின் புதுச் சரக்கு, கட்டப்படாதது’ என்று விற்பவன் போட்டிருந்தான். 5,200 ரூபாய், கூரியர் 150. டயல், முள், மூடி மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று பெரியவரிடம் கேட்காமல் பணத்தை அனுப்பினேன். வந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். டயல் மறுபடியும் பெயின்ட். மூடி வேறொரு எச்.எம்.டி. மாடலுடையது. மூன்று வாட்ச்சைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்தது. இப்படி ஒட்டுப்போட்டு விற்பவற்றுக்கு வாட்ச் சேகரிப்பவர்கள் நடுவில் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே ஒரு பேர் இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன், ஒரு வாரம் பதில் சொன்னவன் அப்புறம் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான்.

ஆன்லைனில் பழைய வாட்ச் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மெஷின் போட்டோ இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். டயலை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். நிமிட முள் நிமிடக் கோடு வரை எட்ட வேண்டும். நாற்பது வருடப் பழைய டயல் கொஞ்சம் தந்த நிறத்துக்கு வந்திருப்பது நல்ல அறிகுறி. மயில் நீலம், இளஞ்சிவப்பு என்று பளிச்சிடும் ‘பழைய’ டயல்களைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். ஒரே ஆள் ‘புதுப் பழைய சரக்கு’ என்று டஜன் டஜனாக விற்றால் அவ்வளவு சரக்கு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முக்கியமாக, வாங்கும் முன் போட்டோக்களை உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எனக்கு அது ஐந்து நிமிட வேலை, நடந்தே போயிருக்கலாம்.

பின் மூடி தேடி இரண்டு தடவை பெங்களூரு போனேன், பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். மூடி கிடைக்கவில்லை. ஆனால் ஜாலஹள்ளியில் இருக்கும் எச்.எம்.டி. ஹெரிடேஜ் சென்டர் என்ற அருங்காட்சியகத்துக்குப் போனது வீண் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலையிலிருந்து வந்த எழுத்தோடு டயல்களை வரிசையாகப் பார்த்தேன். ஒரு ஜனதா டயல் எப்படி இருக்க வேண்டும் என்று அன்றுதான் என் கண்ணுக்குப் பழகியது. அதைப் பார்த்த பிறகு ஒரு தைரியம் வந்தது. ஊருக்கு வந்து நேராக அந்த முதல் கடைக்குப் போனேன். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. “உங்க ஸ்கிராப் டப்பாவை நானே உக்காந்து தேடிக்கறேன், ஒரு மணி நேரம் கொடுங்க” என்றேன். என்ன நினைத்தாரோ, பையனிடம் சொல்லி மூன்று பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

ஒரு மணி நேரம் நாலு மணி நேரம் ஆயிற்று. டப்பாக்களில் சக்கரங்கள், உடைந்த கிளாஸ்கள், துருப்பிடித்த மூடிகள், யார் யாருடையதோ டயல்கள். எச்.எம்.டி. டயல் மட்டும் முப்பதுக்கு மேல், அதில் வெள்ளை ஜனதா 11. எது அப்பாவுடையது? வாட்ச்சை நான் போட்டோ எடுத்து வைக்கவில்லை. ஆனால் என் மகன் முதல் பிறந்தநாளில் அப்பா அவனைத் தூக்கி வைத்திருக்கும் படம் ஒன்று இருந்தது. அதில் கை கேமராவுக்கு நேராக இருக்கும். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். 4-க்குப் பக்கத்தில் உளுந்து அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. எனக்கு அந்தக் கறை தெரியும். ஒரு ஐப்பசி மழையில் மலைப்பாதையில் வண்டி நின்றுபோய், பயணிகளை இறக்கி ஏற்றி விடிய விடிய நனைந்த கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார். “அன்னைக்கு வாட்ச்சும் தண்ணி குடிச்சிருச்சு” என்று அந்தக் கறையைக் காட்டுவார். 11-ல் ஏழாவதாக எடுத்த டயலில் அதே இடத்தில் அதே கறை இருந்தது. படத்தோடு நாலு தடவை ஒத்துப் பார்த்தேன். அந்த மூடி மட்டும் மூன்று டப்பாவிலும் இல்லை. உலோகத்தை மட்டும் தனியாக எடுத்து சில மாதத்துக்கு ஒரு தடவை எடைக்குப் போட்டுவிடுவார்களாம்.

பெரியவர் அந்த டயலைத் தொட்டுத் துடைக்கக்கூட இல்லை, ஊதி மட்டும் போட்டார். ஆன்லைனில் ஏமாந்து வாங்கிய வாட்ச்சில் முள் மட்டும் அசல் என்று கண்டுபிடித்து அதை எடுத்துப் பொருத்தினார். 600 ரூபாய்க்கு அதே மாடலின் ஒரு பழைய மூடியை எங்கிருந்தோ வரவழைத்து, ரப்பர் வளையத்தோடு போட்டார். கிளாஸ் பிளாஸ்டிக்தான், அதில் விழும் மெல்லிய கோடுகளுக்குக் கடைக்கு ஓடாமல் கொஞ்சம் வெள்ளைப் பற்பசையைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்தார். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கணும், கையில் கட்டிக்கொண்டே கொடுக்கக் கூடாது, சாவியின் தண்டு வளையும் என்றார். போன் ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட பர்ஸ் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் காந்தம் ஏறிச் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாட்ச் தலைதெறிக்க ஓடும், நாமும் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கக் கொடுப்போம். காந்தம் எடுக்கிற சின்னப் பெட்டியில் வைத்தால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும். நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் சர்வீஸ் போதும்.

மூடியைப் போடும் முன், “வெளிய அப்பா நம்பரைக் கீறித் தரட்டுமா?” என்று கேட்டார். நம்பர் எனக்கு மனப்பாடம். 7-க்கு நடுவில் கோடு போட வேண்டும் என்பதும் தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் ஐயா என்றேன். உட்பக்கத்தில் தன் குறியையும் அன்றைய தேதியையும் மட்டும் எழுதி, என்னிடம் காட்டிவிட்டு மூடினார்.

வீட்டில் அம்மா வாட்ச்சைக் கையில் வாங்கி, முதலில் 4-க்குப் பக்கத்தில்தான் பார்த்தார். அப்புறம் காதில் வைத்துக்கொண்டார். நொடிக்கு ஐந்து டிக் அடிக்கும் மெஷின் அது. ரொம்ப நேரம் காதிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போது தினமும் காலை ஆறேகாலுக்கு நான் சாவி கொடுக்கிறேன், ஒரு நாளைக்கு அரை நிமிடம் போலப் பின்தங்குகிறது. அந்தக் கடையிலிருந்து உலோகத்தை எடைக்கு எடுத்துப்போனவர் யார் என்று பையன் போன வாரம் சொல்லியிருக்கிறான். சூரமங்கலம் பக்கம் குடோன் இருக்கிறதாம். இவ்வளவு மாதம் ஆன பிறகு அங்கே இருக்க வாய்ப்பு குறைவு என்று பெரியவர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.